மகள் எடை குறைந்தாள், வேகம் கூடியது. இப்போது எல்லாம் தலைகீழ் – விளையாட்டுப் பிள்ளைகளும் சாப்பாடும்

#1 முத்துநகர் அப்பா

வணக்கம். இங்கே ஓட்டப் பயிற்சி பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழுதுவதால் கேட்கிறேன்.

மகள் பதினொன்றாம் வகுப்பு. 1500, 3000 மீட்டர் ஓடுகிறாள். போன வருடம் விடுதியில் சேர்ந்ததும் பயிற்சியாளர், "உடம்பு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு, குறைச்சா டைமிங் தானா இறங்கும்" என்றார். குறைத்தாள். நேரமும் இறங்கியது. மண்டலப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள்.

இப்போது விடுமுறைக்கு வந்திருக்கிறாள். சோற்றைத் தொடுவதில்லை. தோசையைக் காகிதத்தில் ஒற்றி எண்ணெயை எடுத்துவிட்டு, அதிலும் பாதியை வைத்துவிடுகிறாள். ஆனால் சமையலறையை விட்டு நகர்வதே இல்லை. எங்களுக்கு விதவிதமாகச் செய்து போடுகிறாள், ராத்திரி படுத்துக்கொண்டு பிரியாணி வீடியோவாகப் பார்க்கிறாள். தூத்துக்குடி மே மாத வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்கிறாள். தலைமுடி கொத்தாக வருகிறது. ஆறு மாதத்துக்கும் மேலாக மாதவிலக்கு வரவில்லை என்று அவள் அம்மா இப்போதுதான் சொன்னாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார், வந்தது. காலில் முன் எலும்பு வலிக்கிறது என்கிறாள். டைமிங் போன வருடத்தை விட மோசம்.

என் தங்கை "ஓடுற பிள்ளைகளுக்கு அப்படித்தான் நிக்கும், தொல்லை விட்டுச்சு" என்கிறாள். பயிற்சியாளர் "இன்னும் ரெண்டு கிலோ குறைச்சா பழைய டைமிங் வந்துரும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

#2 மட்டுறுத்துநர்

இழை நீளும் போலத் தெரிகிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் தங்கள் எடை, கலோரிக் கணக்கு, எப்படிக் குறைத்தார்கள் என்ற செய்முறை எழுத வேண்டாம். உணவுக் கோளாறு நோயில் இருக்கும் பிள்ளைகள் இங்கே வந்து படித்தால் அந்த எண்களைப் போட்டியாக எடுத்துக்கொள்வார்கள். எழுதினால் நீக்கிவிடுவேன். செய்திகளில் வந்த போட்டி விவரங்கள் பரவாயில்லை.

#3 ஓடிய கால்

அண்ணே, உங்கள் தங்கை சொல்வதும் தப்பு, பயிற்சியாளர் சொல்வதும் தப்பு. நான் 800 மீட்டர் ஓடியவள், இப்போது திருச்சியில் பிசியோதெரபி பார்க்கிறேன். மாதவிலக்கு நின்றால் பயிற்சி நன்றாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம் என எங்கள் காலத்திலும் மைதானத்தில் சொல்வார்கள். அது சாப்பாடு போதவில்லை என்பதற்கான அறிகுறி, அவ்வளவுதான்.

சம்பளம் குறைந்த வீட்டில் முதலில் எதை நிறுத்துவார்கள்? வெள்ளையடிப்பது, புதுத்துணி, ஊர்ப் பயணம். அரிசியும் கரண்ட் பில்லும் கடைசிவரை ஓடும். உடம்பும் அதைத்தான் செய்கிறது. சாப்பிட்டதில் பெரும்பகுதி ஓட்டத்துக்கே போய்விட்டால் மீதியை வைத்து இதயம், மூளை எல்லாம் ஓட வேண்டும். உயிர் பிழைக்க இன்றைக்கு அவசியமில்லாத வேலைகளை மூளை நிறுத்திவைக்கும். கருமுட்டை வேலை முதலில் நிற்கும். ஈஸ்ட்ரோஜன் இறங்கும், அது இறங்கினால் எலும்பு கரையும். சூடு உண்டாக்குவதையும் குறைத்துக்கொள்ளும். ஃபேனை நிறுத்தச் சொல்வது அதனால்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. குறைவான சாப்பாடு, நின்றுபோன மாதவிலக்கு, பலவீனமான எலும்பு மூன்றும் சேர்ந்து வருவதை 1992-லேயே அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் 'வீராங்கனைகளின் முக்கோணம்' என்று பெயர் வைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதை விரித்து 'ரெட்-எஸ்' என்றது. ஆண்களுக்கும் வரும், எலும்பும் கருப்பையும் மட்டுமில்லை, இதயம், குடல், நோய் எதிர்ப்பு, மனநிலை எல்லாவற்றையும் தொடும் என்றார்கள். 2018, 2023 இரண்டு முறையும் அந்த அறிக்கையைப் புதுப்பித்திருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் டைமிங் ஏன் இறங்கியது என்று கேட்பீர்கள். சுமக்கிற எடை குறைந்தது, உடம்பு ஏற்கெனவே சேர்த்து வைத்ததைத் தின்று ஓடியது. சில மாதங்களுக்கு அது ஓடும். இந்த நோயில் மிக மோசமான பகுதி அந்தச் சில மாதங்கள்தான். பிள்ளைக்கும் பயிற்சியாளருக்கும் "வேலை செய்கிறது" என்று அதுதான் சொல்லிக் கொடுக்கிறது. அப்புறம் டைமிங் ஏறும்போது, காரணமாக இருந்ததையே மருந்து என்று நினைத்து இன்னும் குறைப்பார்கள்.

இரண்டு விஷயம் உடனே பாருங்கள்.

மாத்திரை போட்டு வந்தது அவள் உடம்பு தானாகச் செய்தது இல்லை. ஹார்மோனைக் கொடுத்து நிறுத்தினால் ரத்தம் போகும், அவ்வளவே. எலும்பு அதனால் தேறாது, பிரச்சினை தீர்ந்தது என்ற நினைப்பு மட்டும் வரும். ஸ்கேனில் கட்டி மாதிரி தெரிந்து பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) என்று எழுதி "எடையைக் குறை" என்று அனுப்பிவிடுகிற இடங்களும் உண்டு. உங்கள் பிள்ளைக்கு அது நேர் எதிரான வைத்தியம். அடுத்த டாக்டரிடம் போகும்போது அவள் எவ்வளவு ஓடுகிறாள், எவ்வளவு சாப்பிடுகிறாள் என்பதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கால். முன் எலும்பில் விரலால் தொட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள். நீளமாக வலித்தால் ஒரு கதை. காசு அளவு ஒரே இடத்தில் சுள்ளென்று வலித்தால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐ தேவைப்படும். அதுவரை ஓட்டம் கூடாது. நடைப் பயிற்சி என்ற பெயரில் மொட்டை மாடியில் சுற்றுவதும் கூடாது. செய்வாள், பார்த்துக்கொள்ளுங்கள்.

மேரி கெய்ன் என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். 2013-ல், 17 வயதில், மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் இறுதிப் போட்டி வரை வந்தவர். பிறகு பெரிய நிறுவனம் ஒன்றின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். மற்றவர்கள் முன்னால் எடை பார்த்தார்கள், குறைக்கச் சொல்லி நெருக்கினார்கள், மூன்று வருடம் மாதவிலக்கு இல்லை, ஐந்து எலும்புகள் உடைந்தன என்று 2019-ல் வெளியே சொன்னார். பயிற்சியாளர் மறுத்தார். வழக்கு 2023-ல் சமரசத்தில் முடிந்தது. நாட்டின் மிக வேகமான பள்ளி மாணவி என்று பெயர் எடுத்தவருக்கு இருபது வயதுக்குப் பிறகு சொல்லிக்கொள்ள ஓட்டமே இல்லாமல் போனது.

#4 கபடிக்காரன்

எல்லாவற்றுக்கும் நோய் என்று பெயர் வைத்தால் யாரும் விளையாட முடியாது. நாங்கள் 65 கிலோ பிரிவு ஆடுகிறோம். போட்டிக்கு முந்தின ராத்திரி (எப்படிக் குறைத்தார் என்ற பகுதி நீக்கப்பட்டது – மட்டுறுத்துநர்) காலையில் தராசில் ஏறி இறங்கி, பிரியாணி தின்றுவிட்டு ஆடப் போவோம். ஊரில் பத்து டீம் இருந்தால் பத்து டீமும் இதைத்தான் செய்யும். மல்யுத்த வீரர் அமன் ஷெராவத் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரே ராத்திரியில் 4.6 கிலோ குறைத்துவிட்டு வந்து வெண்கலம் வாங்கவில்லையா? நாக்கைக் கட்டாமல் மெடல் வராது. அந்தப் பிள்ளைக்கு டாக்டர் பாருங்கள், சரி. அதுக்காகக் கட்டுப்பாடே தப்பு என்று சொல்லாதீர்கள்.

#5 ஓடிய கால்

கட்டுப்பாடு தப்பு என்று யார் சொன்னது? காலை ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள், வருகிறேன்.

#6 சத்துவாச்சாரி பார்பெல்

கபடித் தம்பிக்கு நான் பதில் சொல்கிறேன், நானும் எடைப் பிரிவில் கிடந்தவன்தான். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பளு தூக்குவார்கள், தெரிந்திருக்கும். சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 இரண்டு காமன்வெல்த் தங்கமும் கொண்டுவந்த ஊர்.

பளு தூக்குதலில் எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால். அதற்குள் வற்றிப்போன உடம்பு திரும்பாது. அதனால் ராத்திரியோடு ராத்திரியாகப் பெரிதாகக் குறைத்தால் மேடையில் நாமே மாட்டிக்கொள்வோம். மல்யுத்தம் வேறு மாதிரி. முன்பு முந்தின நாள் சாயங்காலம் எடை பார்த்துவிட்டு மறுநாள் ஆடுவார்கள். ராத்திரி முழுக்கத் தின்று குடித்து ஏற்றிக்கொள்ளலாம். இதை உடைக்கத்தான் இரண்டு நாள் போட்டியாக்கி, இரண்டு நாள் காலையிலும் எடை பார்ப்பது என்று விதியை மாற்றினார்கள்.

வினேஷ் போகாட் மாட்டியது அதில்தான். 53 கிலோவில் ஆடிக்கொண்டிருந்தவர் 50-க்கு இறங்கினார். 2024 ஆகஸ்ட் 6 ஒரே நாளில் மூன்று ஆட்டம், அதில் முதல் ஆட்டம் ஜப்பானின் யுய் சுசாகியை வீழ்த்தியது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் குறைத்தார்கள், முடியைக்கூட வெட்டினார்கள். காலையில் 100 கிராம் கூட. இறுதிப் போட்டியும் போச்சு, வெள்ளியும் போச்சு. விதி சரியா தப்பா என்று இங்கே ஆளுக்கொரு கட்சி கட்டுவோம். நான் பார்ப்பது வேறு. அந்த 100 கிராமுக்காகப் பதக்கம் போனதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இந்த அளவுக்கு வற்றவைத்தால் ஆள் செத்தும் போகலாம் என்பது யாருக்கும் நினைவில்லை. 1997-ல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் எடை குறைக்கும்போதே இறந்தார்கள், ஒரே மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில். மூன்று பேரும் இளைஞர்கள், ஆரோக்கியமானவர்கள்.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். போட்டிக்கு எடை குறைப்பதும் உணவுக் கோளாறு நோயும் ஒன்று இல்லை. பத்துப் பேர் குறைத்தால் ஒன்பது பேர் போட்டி முடிந்ததும் பழையபடி தின்பார்கள். அந்தப் பத்தாவது ஆள் எவன் என்று முன்கூட்டித் தெரியாது என்பதுதான் சிக்கல்.

டோக்கியோவில் வெள்ளி வாங்கியதும் மீராபாய் சானு முதலில் கேட்டது பீட்சா. நாடே சிரித்தது, கம்பெனிக்காரன் ஆயுளுக்கும் இலவசம் என்றான். எனக்கு அந்தப் பேட்டி பிடிக்கும். போட்டி முடிந்தது, பசிக்கிறது, தின்னப் போகிறேன் என்று வெட்கமில்லாமல் சொல்கிற மனது இருக்கிறதே, அது நல்ல மனது.

#7 மதுரை மனநலம்

மனநலத் துறையில் வேலை பார்க்கிறேன். முதல் பதிவில் அப்பா எழுதியதில் என்னை நிறுத்தியது கால் வலி இல்லை, பிரியாணி வீடியோ. சாப்பிடாத பிள்ளை ஏன் சமையலறையிலேயே கிடக்கிறாள், ஏன் மற்றவர்களுக்குப் போட்டுப் பார்க்கிறாள்? வீம்பு, நடிப்பு என்று வீட்டில் நினைப்பார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயம், 1944–45-ல், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஓர் ஆராய்ச்சி செய்தார். போரில் ஆயுதம் எடுக்க மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். உடம்பும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துத்தான் எடுத்தார்கள். தங்கியது பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் அடியில். ஆறு மாதம் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்து, வாரா வாரம் நெடுந்தூரம் நடக்கவும் வைத்தார்கள்.

என்ன ஆயிற்று தெரியுமா? சமையலில் அதுவரை அக்கறையே இல்லாத ஆட்கள் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டைக் கலந்து, பிரித்து, தண்ணீர் ஊற்றிப் பெருக்கி நெடுநேரம் தின்றார்கள். தட்டை நக்கினார்கள். கோடையில் போர்வை கேட்டார்கள். எரிச்சல், அழுகை, யாருடனும் சேராமல் ஒதுங்குவது. ஒருவர் தன் விரல்களையே கோடரியால் வெட்டிக்கொண்டார். சாப்பாடு திரும்பியதும் சிலர் மாதக்கணக்கில் நிறுத்த முடியாமல் தின்றார்கள்.

அவர்களில் யாருக்கும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை இல்லை. வெறும் பசி, மூளையை இந்த அளவுக்கு மாற்றிவிட்டது. அதனால் மகளைப் பார்த்து "என்ன பிடிவாதம்" என்று கேட்பதில் பயனில்லை. பாதி அறிகுறி பட்டினியின் அறிகுறி, சாப்பாடு உள்ளே போனால் தானாகக் குறையும். மீதிப் பாதிக்குத்தான் எங்கள் வேலை.

குண்டாகிவிடுவோம் என்ற பயத்தில் பட்டினி கிடக்கிற அனோரெக்சியா என்பது மனநோய்களிலேயே அதிகம் உயிர் வாங்குகிற சிலவற்றில் ஒன்று. கிறிஸ்டி ஹென்ரிக் என்ற அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை 1989 உலக சாம்பியன்ஷிப்பில் அன்ஈவன் பார்ஸ் என்ற கம்பிப் பிரிவில் நான்காவதாக வந்தவர். அதற்கு முந்தின வருடம் ஒரு நடுவர் எடையைக் குறைக்கச் சொன்னதாகக் குடும்பம் சொன்னது. 1994-ல் உறுப்புகள் செயலிழந்து இறந்தபோது வயது 22. ஒரு நடுவரின் ஒரு வார்த்தை மட்டும் ஆளைக் கொல்லாது. பரம்பரை, சுபாவம், பதற்றம் எல்லாம் சேர்ந்துதான் இந்த நோய். ஆனால் எதிலும் முழுமை வேண்டும், வலித்தாலும் சொல்லக்கூடாது, பயிற்சியாளர் சொன்னால் கேட்டே ஆக வேண்டும் என்று இருக்கிற பிள்ளைகளைத்தான் விளையாட்டு பொறுக்கி எடுக்கிறது. இந்த நோயும் அதே பிள்ளைகளைத்தான் பொறுக்கி எடுக்கிறது.

#8 ஹாரோ வாசல்

லண்டனில் இருந்து எழுதுகிறேன், ஊர் யாழ்ப்பாணம். என்ர மகள் சின்ன வயதில் இருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் செய்கிறாள். இங்கே 2022-ல் வைட் அறிக்கை என்று ஒன்று வந்தது. பிரிட்டிஷ் ஜிம்னாஸ்டிக்ஸில் நடந்ததைப் பற்றி நானூறுக்கும் மேற்பட்டவர்கள் எழுதிக் கொடுத்ததை வைத்து ஒரு வழக்கறிஞர் எழுதினவர். பிள்ளைகளை எல்லோர் முன்னாலும் நிறை பார்த்தது, முகாமுக்குப் போன இடத்தில் சாப்பாடு ஒளித்திருக்கா என்று பையைக் கிளறினது, பிள்ளைகள் பயத்தில் தின்பண்டத்தை ஒளித்து வைத்தது எல்லாம் அதிலே இருக்கு. வாசித்த பிறகு இரண்டு இரவு நித்திரை இல்லை. பிறகு பத்து வயதுக்குக் கீழே நிறை பார்க்கவே கூடாது, அதற்கு மேலே என்றால் பிள்ளையும் பெற்றோரும் சம்மதிக்க வேணும் என்று விதி கொண்டு வந்தவர்கள்.

ஆனால் ஒரு விதியும் எங்கள் வீடுகளுக்குள் வராது. கோச் ஒரு சொல் சொல்வதில்லை. சனிக்கிழமை ஒரு கலியாண வீட்டுக்குப் போனால் வாசலிலேயே "என்ன பிள்ளை, கொழுத்துப் போனாய்" என்று ஒரு மாமி. உள்ளே போனால் "என்ன பிள்ளை, மெலிஞ்சு போனாய், அம்மா சமைக்கிறேல்லையோ" என்று இன்னொரு மாமி. இரண்டும் அன்பில்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விளங்குவது ஒன்றுதான்: என்ர உடம்பைப் பற்றி யாரும் எப்பவும் கதைக்கலாம். நாங்கள் வீட்டில் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம், வந்தவர்கள் பிள்ளையிடம் படிப்பு கேட்கலாம், விளையாட்டு கேட்கலாம், உடம்பு பற்றிக் கதைக்கக் கூடாது. அம்மம்மாவுக்குக் கோபம். பரவாயில்லை.

#9 சிறுதானியச் செல்வர்

அரிசியும் சீனியும்தான் விஷம். அந்தப் பெண் சோற்றை விட்டது நல்லதே. தினை, சாமை, குதிரைவாலி மட்டும் கொடுங்கள். இரவு உணவைத் தவிர்த்து 16 மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்தால் எல்லாம் சரியாகும். நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை.

#10 தஞ்சை பி.இ.டி

செல்வர் ஐயா, முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை, ஆனால் அவர்கள் காலையில் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு டியூஷனுக்குப் போகவில்லை. உட்கார்ந்து வேலை பார்க்கிற ஐம்பது வயது ஆளுக்குச் சொல்வதை ஓடுகிற பதினாறு வயதுக்குச் சொல்லாதீர்கள். இந்தப் பிள்ளைக்கு 16 மணி நேரப் பட்டினி என்பது எரிகிற இடத்தில் சீமெண்ணெய். சாமை நல்ல சாப்பாடு, சோறும் நல்ல சாப்பாடு. நெடுந்தூர ஓட்டக்காரிக்குச் சோறுதான் ஓட்டம்.

உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன், அரசுப் பள்ளி. இங்கே எல்லோரும் குறைக்கச் சொன்னதால் குறைத்த பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறார்கள். என் மைதானத்தில் அதற்கும் மேலே இன்னொரு கூட்டம் இருக்கிறது. யாரும் குறைக்கச் சொல்லவில்லை, ஒல்லியாகும் ஆசையும் இல்லை. ஐந்தரை மணிக்கு ஒரு டீயைக் குடித்துவிட்டு வருவார்கள். ஏழரைக்குப் பயிற்சி முடியும், பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். மதியம் சத்துணவு. அப்புறம் சாயங்காலம் மறுபடி மைதானம். ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வயிறார ஒரு சாப்பாடு. வெள்ளிக்கிழமை சில பெண் பிள்ளைகள் விரதம் வேறு. பத்தாம் வகுப்பில் வேகமாக ஓடியவள் பன்னிரண்டாம் வகுப்பில் காணாமல் போவாள். "கல்யாண வயசு வந்துருச்சு, உடம்பு மாறிப்போச்சு" என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொள்வோம்.

உடம்பு காரணம் கேட்காது. வறுமையா, விரதமா, பஸ் டைமா, பயிற்சியாளர் திட்டினதா, கண்ணாடியைப் பார்த்து அழுததா, எதனால் சாப்பாடு வரவில்லை என்று அதற்குத் தெரியாது. வந்ததா வரவில்லையா என்பது மட்டும் தெரியும். அதனால் மனநல டாக்டர் சொல்கிற நோய் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு நோயும் இல்லாமல் அதே இடத்துக்கு வந்து சேர்கிற பிள்ளைகளும் உண்டு. இவர்களுக்கு வைத்தியம் சுலபம், சாப்பாடு போட்டால் போதும். நோய் உள்ள பிள்ளைக்குச் சாப்பாடு போட்டால் மட்டும் போதாது.

நான் செய்வது இதுதான். பயிற்சிக்கு வரும் எல்லோரும் ஒரு டப்பா கொண்டுவர வேண்டும், ஷூ மாதிரி அதுவும் கட்டாயம். ஓடுவதற்கு முன்னால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பேரீச்சையோ. ஓடி முடித்து, பஸ் ஏறுவதற்கு முன் டப்பா காலியாக வேண்டும்: அவித்த முட்டை, கடலை மிட்டாய், சுண்டல், தயிர் விட்ட பழைய சோறு, எது முடியுமோ அது. (பழைய சோற்றை இப்போது நட்சத்திர ஓட்டலில் மண் சட்டியில் வைத்து விற்கிறார்களாம், என் பிள்ளைகள் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.) கொண்டுவர முடியாதவர்களுக்கு நானும் பக்கத்துக் கடைக்காரரும் பார்த்துக்கொள்கிறோம். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தின்பதால் யார் தின்னவில்லை என்று தானாகத் தெரிந்துவிடும். அதற்காக ஒரு தராசும் எனக்குத் தேவைப்படவில்லை.

#11 கபடிக்காரன்

பி.இ.டி சார் சொல்வது சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் இதெல்லாம் பெண் பிள்ளைகள் விஷயம். பசங்களுக்கு இந்த வியாதி வந்து நான் பார்த்ததில்லை.

#12 மதுரை மனநலம்

கபடித் தம்பி, ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப் பெயர் தெரியும்தானே? இங்கிலாந்து கிரிக்கெட் வீரர், 2005 ஆஷஸ் தொடரில் ஆஸ்திரேலியாவை ஒரு கை பார்த்தவர். ஆட ஆரம்பித்த காலத்தில் குண்டன் என்று பத்திரிகைகள் எழுதின. சாப்பிட்டதை வாந்தி எடுத்து வெளியேற்றும் புலிமியா தனக்கு விளையாடும் காலத்திலேயே இருந்தது என்று பின்னால் சொன்னார், 2020-ல் பிபிசியில் அதைப் பற்றி ஒரு ஆவணப்படமும் செய்தார். அத்தனை வருடம் உடை மாற்றும் அறையில் கூட இருந்தவர்களுக்குத் தெரியாது. பார்க்க ஆறடிக்கு மேல் மலை மாதிரி ஆள்.

புலிமியா உள்ளவர்கள் பெரும்பாலும் ஒல்லியாக இருக்க மாட்டார்கள். எலும்பும் தோலுமாக இருந்தால்தான் நோய் என்று தேடினால் முக்கால்வாசிப் பேரைத் தவறவிடுவோம். சாப்பிட்டதும் குளியலறைக்குப் போவது, கன்னம் இரண்டும் வீங்குவது, பல் எனாமல் கரைவது, விரல் முட்டியில் தழும்பு, இதையெல்லாம் பார்க்க வேண்டும். பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும், ஆபத்து அதில்தான். பையன்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு: எவ்வளவு ஏறினாலும் உடம்பு போதவில்லை என்று ஜிம்மிலேயே கிடப்பது, கல்யாணச் சாப்பாட்டுக்குக்கூடத் தனி டப்பா தூக்கிப் போவது. அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை, கமென்டில் தீ எமோஜி போடுகிறார்கள்.

#13 முத்துநகர் அப்பா

எல்லோருக்கும் நன்றி. சென்னையில் விளையாட்டு மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். ஓடிய கால் அக்கா சொன்ன மாதிரியே எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, எம்ஆர்ஐயில் எலும்பில் கீறல் ஆரம்பம். டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பு வயதுக்கு ஏற்ற அடர்த்தி இல்லை. நாடித் துடிப்பு மிகவும் குறைவு. நான் ஓட்டக்காரிக்கு அப்படித்தானே இருக்கும் என்று கேட்டேன். இது பயிற்சியால் வந்த குறைவு இல்லை, பட்டினியால் வந்தது என்றார். ஓட்டம் முழுக்க நிறுத்தம். மனநல மருத்துவரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

அவள் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டு நேரம் வந்தாலே வீட்டில் சண்டை. நான் கெஞ்சுகிறேன், அவள் அம்மா அழுகிறாள், பாட்டி திட்டுகிறாள். என்ன பேசுவது என்று யாராவது சொல்லுங்கள்.

#14 மதுரை மனநலம்

முதலில், நாடி இவ்வளவு குறைந்திருப்பதால் சாப்பாட்டை ஒரேயடியாக ஏற்ற வேண்டாம். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் நிற்கும் அளவுக்குப் போகலாம். எவ்வளவு, எப்படி ஏற்றுவது என்பதை ரத்தப் பரிசோதனையோடு மருத்துவர் சொல்லட்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, எழுந்தால் கண் இருட்டுவது இருந்தால் நேரே மருத்துவமனை. தற்கொலை பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் அப்படியே.

மேசையில் பேச வேண்டியது குறைவுதான். சாதாரணப் பிள்ளைகளுக்கு என்ன, எப்போது என்பதைப் பெரியவர்கள் தீர்மானிக்கலாம், எவ்வளவு என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும் என்று சொல்வோம். நோயில் இருக்கும்போது அது செல்லாது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்ப வைத்திய முறையில், கொஞ்ச காலத்துக்குச் சாப்பாட்டுப் பொறுப்பை முழுக்க அப்பா அம்மாவிடமே கொடுக்கிறார்கள். தட்டில் போடுவது நீங்கள், பக்கத்தில் உட்காருவது நீங்கள். பேரம் இல்லை, கெஞ்சல் இல்லை, திட்டும் இல்லை. "இது உன் மருந்து, நான் இங்கேயே இருக்கிறேன்" போதும். இட்லியில் எவ்வளவு கலோரி என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டாம். உங்கள் சண்டை நோயோடு, அவளோடு இல்லை என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். பாட்டியை அந்த நேரத்தில் கோயிலுக்கு அனுப்பிவிடுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் அரை மணி நேரம் தனியாக விடாதீர்கள். சீட்டு, தாயம், பழைய வடிவேலு காமெடி, எது ஓடுமோ அது. "முகம் இப்போ தெளிவா இருக்கு", "சதை போட்டுட்ட" என்று யாரும் சொல்ல வேண்டாம். உங்கள் காதில் பாராட்டாக விழுவது அவள் காதில் குண்டாகிவிட்டாய் என்றுதான் விழும்.

உடனே மருத்துவர் கிடைக்காத ஊர்களில் இருப்பவர்களுக்கு: டெலி மானஸ் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். இலங்கையில் 1926.

#15 ஓடிய கால்

அவள் கோபப்படுவது ஓட்டம் போய்விட்டது என்ற பயத்தில். அதைப் பற்றி யாராவது அவளிடம் பேசினார்களா? மாலி சைடல் என்ற அமெரிக்க ஓட்டக்காரி 2016-ல் ஒலிம்பிக் தேர்வுப் போட்டியை விட்டுவிட்டு இந்த நோய்க்குச் சிகிச்சைக்குப் போனவர். டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானில் வெண்கலம் வாங்கினார். ஜெஸி டிகின்ஸ் என்ற பனிச்சறுக்கு வீராங்கனைக்குப் பள்ளி முடிக்கிற வயதில் புலிமியா, சிகிச்சை எடுத்து 2018-ல் ஒலிம்பிக் தங்கம். 2023-ல் நோய் திரும்பிவிட்டது என்று அவரே அறிவித்தார், அந்த சீசன் முடிவில் உலகக் கோப்பையையும் வென்றார். மேடு பள்ளமாகத்தான் போகும். வருடக்கணக்கில் ஆகலாம், எலும்பு முழுக்கத் திரும்பும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் மாதவிலக்கு தானாக வந்து, எலும்பு கூடினால் ஓடலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு, பயிற்சியாளர் சொல்லி இல்லை.

விடுதியை மாற்றுவதைப் பற்றியும் யோசியுங்கள். "இன்னும் ரெண்டு கிலோ" என்று சொன்ன ஆளிடமே திருப்பி அனுப்பினால் இந்த வைத்தியம் எல்லாம் வீண்.

#16 கபடிக்காரன்

சரி, ஒரு சந்தேகம். எங்கள் ஊர் போட்டியில் முந்தின நாளே எடை பார்த்துவிடுகிறார்கள், அதனால்தான் எல்லோரும் குறைக்கிறார்கள். நான் ஒருத்தன் குறைக்காமல் நேர்மையாகப் போனால் எதிர் டீமில் என்னைவிட ஐந்து கிலோ கூட உள்ள ஆள் நிற்பான். இதுக்கு என்ன வழி சொல்கிறீர்கள்? எனக்கு அறிவுரை வேண்டாம், வழி வேண்டும்.

#17 சத்துவாச்சாரி பார்பெல்

நல்ல கேள்வி தம்பி. அந்த மூன்று பேர் இறந்த பிறகு அமெரிக்கக் கல்லூரிகள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். எடை பார்ப்பதைப் போட்டிக்கு ஓரிரு மணி நேரத்துக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். வியர்க்க வைக்கும் சூட்டறை, ரப்பர் உடை எல்லாவற்றுக்கும் தடை. சீசன் தொடக்கத்திலேயே, உடம்பில் தண்ணீர் சரியாக இருக்கிறதா என்று பரிசோதித்து, ஒவ்வொருவரும் அதிகபட்சம் எந்தப் பிரிவு வரை இறங்கலாம் என்று எழுதிவைத்தார்கள். நம் ஊர்க் கமிட்டியிடம் சிறுநீர்ப் பரிசோதனைக்கெல்லாம் காசு கிடையாது. ஆனால் முதலாவது சும்மா செய்யலாம். தராசை மைதானத்துக்கே கொண்டுவந்து, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு டீமையும் ஏற்றுங்கள். வற்றிப்போய் வந்தவன் ரெய்டு போனால் மூன்றாவது நிமிடம் மூச்சு வாங்குவான். ஒரு சீசனில் தானாக நிற்கும்.

#18 கபடிக்காரன்

ஆடி மாதம் எங்கள் கோயில் போட்டி வருகிறது. கமிட்டித் தலைவர் எங்கள் மாமாதான், கேட்டுப் பார்க்கிறேன். போன வருடம் ஜெயித்த டீம் கண்டிப்பாகச் சண்டைக்கு வரும். முதல் பரிசு கிடா வேறு.